வாசலில் நிற்பவள்

ஓலு நகரத்து டிசம்பரில் பகல் என்பது
யாரோ கதவைத் திறந்து, தப்பான வீடென்று
உடனே சாத்திக்கொண்டு போவது.
மற்றதெல்லாம் இரவு. என் சம்பளம் இரவுக்கு.

உறங்குகிறவர்களின் மண்டையில் ஒட்டிய கம்பிகள்
திரையில் கிறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
மூடிய இமைக்குள் விழிகள் ஓடத் தொடங்கியதும்
எட்டு நிமிடம் விட்டு, நடந்துபோய், தோளைத் தொட்டு,
"இப்போது என்ன நடந்துகொண்டிருந்தது?"

பொருள் சொல்வது என் வேலையில்லை.
அதற்குப் படிவம் இருக்கிறது.
வீரன், நிழல், தாய், குழந்தை, ஞானி, தந்திரக்காரன்.
ஒன்றில் டிக் போட வேண்டும்.
ஏழாவது கட்டம்: இதர.

தாவெத்தி பனியுடைக்கும் கப்பலில் சமையல்காரர்.
குணநல வினாத்தாளில் 'நான் எளிதில் அஞ்சுபவன்' என்பதற்கு
ஒன்று போட்டு, அடித்து, நான்கு போட்டு,
அதையும் அடித்து மறுபடி ஒன்று.
மூன்று மணிக்கு எழுப்பினேன்.
கப்பலின் அடித்தட்டாம். உருளைக்கிழங்கு மூட்டைகளின்மேல்
முகம் தெரியாத ஒருவன் உட்கார்ந்து
இவருடைய கத்தியாலேயே தோல் சீவிக்கொண்டிருந்தானாம்.
"நிழல் மாதிரியா?" பேனா மூடியைக் கழற்றினேன்.
"நிழலாவது! அது ரைமோ.
என் படகு எஞ்சினை இரவல் வாங்கிப்போய்
பதினொரு வருஷம் ஆகிறது."
முகம்தான் தெரியவில்லையே?
"திருப்பித் தராதவனை அடையாளம் காண முகம் எதற்கு?"

நிழலில் டிக் போட்டேன்.
அவர் திரும்பத் தூங்கியதும் ஓரத்தில், சின்னதாக: எஞ்சின்.

தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் ஸிஸ்கோவுக்கு
விசைகள் அத்தனையும் ரொட்டித் துண்டுகள்.
பசியில் ஒன்றைத் தின்றுவிட்டாளாம்,
அந்தச் சுரம் இனி உலகத்தில் இல்லையாம்.
கண்ணைத் துடைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள், என்னிடம்.
இதர.

புத்தாண்டுக்கு முன் ஆய்வுத் தலைவர் ரௌதவொமா
கேக் வாங்கிவந்தார்.
நாற்பத்தொரு பேர், ஒருவரையொருவர் அறியாதவர்கள்,
கனவு முடியும் தறுவாயில் ஒரே உருவத்தைக் கண்டிருக்கிறார்கள்.
வாசலில் ஒரு பெண். பேசமாட்டாள்.
எலி கீச்சிடுவது போல ஓர் ஒலி அவளுக்கு முன்னால் வரும்.
"வாசற்காவலி," என்றார். குரல் கம்மிவிட்டது அவருக்கு.
"குகையில் நெருப்பைச் சுற்றிக் கதை சொன்ன நாளிலிருந்து
நமக்குள் நிற்பவள்.
புறப்பட்டவனை மறித்து, நீ யாரென்று கேட்பவள்."

எல்லோரும் கைதட்டினார்கள்.
மேசைக்கடியில் கால் மாற்றிவைத்தேன்.
என் ரப்பர் செருப்பு
கீச்சென்றது.

மெழுகு பூசிய நடைபாதை, இருபது எட்டு,
ஏழு வருஷம்.
எழுப்பப் போகிறவள் அறைக்குள் நுழையுமுன்
அவள் காலடி கனவுக்குள் நுழைந்துவிடுகிறது, அவ்வளவுதான்.
சொல்லியிருக்க வேண்டும்.
கேக்கில் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டேன்.
வரி அலுவலகம் தவிர யாரும் ஞாபகம் வைத்திராத ஒருத்திக்கு
ஐம்பத்துமூன்று வயதில் ஆதிகாலத்தவள் ஆவது
கசக்கவா செய்யும்?

ஜனவரியில் உறுத்தல் தாங்கவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு,
பூனை தோற்கும்படி நடந்தேன்.
மறுபடி தாவெத்தி. தோளைத் தொட்டேன்.
"அந்தப் பெண் வந்தாளா?"
நான் கேட்கக்கூடாத கேள்வி அது.

"வந்தாள். இந்த முறை காலில் ஒன்றுமில்லை, பாவம்.
பாதமெல்லாம் பனி.
உள்ளே வா என்றேன். அடுப்பில் மீன் சூப் இருந்தது,
கிண்ணத்தில் ஊற்றினேன்."

குடித்தாளா?

"அதற்குள் நீங்கள் எழுப்பிவிட்டீர்களே."

படிவத்தில் எதிலும் டிக் போடாமல்
மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.
எட்டு மணிக்கு, இன்னும் விடியாத தெருவில்
சைக்கிளை மிதித்துக்கொண்டு வீடு திரும்பினேன்.
இரண்டு ஜோடிக் காலுறை, மேலே ஆட்டுரோம பூட்ஸ்.
குளியலறை வெந்நீரில் வைத்தபிறகும் நெடுநேரம்
பாதங்கள் சூடாகவே இல்லை.